பழைய கம்பெனியைப் பற்றி வெளியே பேசலாமா?

திருப்பூரில் நான் முன்பு வேலை பார்த்த ஏற்றுமதி கம்பெனியின் பெயரைப் போட்டு எழுதச் சொல்லி, கூட வேலை செய்தவர்கள் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டிலோ வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டாயிற்று, வக்கீல் ஒருவரிடமும் பேசியாயிற்று. ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஐந்து வருடத்துக்கு மேல் அங்கே மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை ஷிப்மென்ட்வரை கவனிக்கிற வேலையில், இருந்தேன். சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப் பிடித்தார்கள். கடைசிச் சில மாதங்கள் பிடித்த பணம் மட்டும் பாஸ்புக்கில் ஏறவே இல்லை. விலகும்போது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கேட்டேன். "நம்ம கம்பெனில அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்கம்மா" என்றார் கணக்குப் பார்க்கிறவர். பழக்கமாம்! ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்து விலகுகிறவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1972இலேயே சட்டம் வந்துவிட்டது.

ஆனால் தையல் செக்‌ஷனில் இருந்த பெண்களுக்கு நடந்ததோடு வைத்துப் பார்த்தால் என் கதை சின்னது. பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முந்தின நாளே அவர்களை உட்கார வைத்துப் பாடம் எடுப்பார்கள். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்லு, ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் என்று சொல்லு. நிஜத்தில் தினமும் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் விடியும்வரை மிஷின் ஓடும். வருகைப் பதிவு இரண்டு இருந்தது: ஆடிட்டருக்குக் காட்ட ஒன்று, சனிக்கிழமை சம்பளம் போட இன்னொன்று. இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, சொல்வதற்கு என்ன தயக்கம்? பெங்களூரில் ஐடி கம்பெனியை விட்டு வருகிறவருக்கு முதலாளியின் முகம்கூடத் தெரியாது. இங்கே முதலாளி சொந்தக்காரர். ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர், கல்வெட்டில் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். "வேண்டாஞ்சாமி, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவிங்க மொகத்துல முழிக்கோணும்ல" என்கிறார் அப்பா. அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சொந்தம் என்ற முறையை முதலாளியும் பார்த்திருக்க வேண்டாமா? என் பி.எஃப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டபோது அந்தச் சொந்தம் எங்கே போனது?

ஊரில் எல்லாரும் சொல்கிற இன்னொன்றும் உண்டு. "அவரே கைமடிச்சு, ஓவர்லாக் மிஷின்ல உக்காந்து மேல வந்தவரு. அவரைப் போயி..." மிஷினில் உட்கார்ந்தவர் முதலாளி ஆக முடிந்த ஊர் என்பது திருப்பூரின் பெருமை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு, எங்கள் குடும்பத்திலேயே அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே இங்கே எத்தனையோ பேரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் குனிந்திருந்தால் இடுப்பு என்ன ஆகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதையே இன்னொருத்தியிடம் ஓவர்டைம் காசு தராமல் வாங்குகிறார் என்றால், எனக்குக் கோபம் கூடத்தான் செய்கிறது.

என்னை உண்மையாகவே நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. பெயரை எழுதி, பையரையும் டேக் செய்தால் என்ன நடக்கும்? பையர் கம்பெனியைத் திருத்த மாட்டான். ஆர்டரை பங்களாதேஷுக்கோ வேறெங்கோ தள்ளிவிடுவான், அவ்வளவுதான். 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூர் பார்த்தது நினைவிருக்கும். நொய்யல் ஆற்றைச் சாயக் கழிவிலிருந்து காக்க அந்த உத்தரவு தேவை என்பதே என் கருத்து. ஆனாலும் முதலில் வேலை போனது தொழிலாளிகளுக்குத்தான். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் முதலில் ஷிப்ட் குறைந்தது அவர்களுக்குத்தான். எனக்காகப் பேசப் போய், டெய்லர் அக்காக்களின் சனிக்கிழமைச் சம்பளத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

அப்புறம் சட்டம். அவதூறு இங்கே இன்னும் கிரிமினல் குற்றம்தான். முன்பு இ.பி.கோ. 499, 500 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு, இரண்டு வருடம்வரை சிறை போடலாம். சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். பத்திரிகையாளர் பிரியா ரமணி, தன் முன்னாள் பத்திரிகை ஆசிரியர் எம்.ஜே. அக்பர் பாலியல் தொல்லை கொடுத்ததாக 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் பிரியாவுக்கு 2021 பிப்ரவரியில்தான் விடுதலை கிடைத்தது. எத்தனை வருடம் கழித்தும் ஒரு பெண் தனக்குப் பிடித்த மேடையில் தன் குறையைச் சொல்லலாம் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு எனக்குப் பெரிய தைரியம். ஆனால் அதற்காக பிரியா கோர்ட்டுக்கு அலைந்த காலத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே சட்டத்தில், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்றும் இருக்கிறது. இதை நம் ஆட்களில் நிறையப் பேருக்கு யாரும் சொல்வதே இல்லை.

ஆக, என் முடிவு. பி.எஃப் அலுவலகத்திலும் தொழிலாளர் துறையிலும் கம்பெனி பெயரோடு, சம்பளச் சீட்டு, பாஸ்புக் நகலோடு மனு கொடுத்துவிட்டேன். போன வாரம் ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "ஏனுங்க்கா, அந்தக் கம்பெனி எப்படிங்க்கா, சேரலாங்களா?" என்று கேட்டாள். பார்த்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னேன். வேலைக்குப் போகப் போகிற யார் கேட்டாலும் சொல்வேன், சொந்தக்காரர்கள் காதுக்குப் போனாலும் பரவாயில்லை. இங்கே மட்டும் பெயர் போடவில்லை. மனு மேல் நடவடிக்கை எடுக்காமல் இழுத்தடித்தால் அப்போது மறுபடி யோசிப்பேன்.

எல்லாரும் இப்படிச் செய்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரிலீவிங் லெட்டர் இன்னும் கைக்கு வராதவர்கள், அடுத்த வேலைக்கு அலைகிறவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் அவர்களைக் கோழை என்று சொல்லாதீர்கள். இங்கே மெர்ச்சண்டைசிங் மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது, அதனால் என்னால் முடிகிறது.

அங்கே என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு: உங்கள் யூ.ஏ.என் நம்பரை (பி.எஃப் அடையாள எண்) போட்டு பி.எஃப் பாஸ்புக்கை இன்றைக்கே திறந்து பாருங்கள். பணம் பிடித்தும் கணக்கில் ஏறாத மாதம் இருந்தால் சம்பளச் சீட்டையோ பேங்க் ஸ்டேட்மென்ட்டையோ எடுத்து வைத்துக்கொண்டு இன்பாக்ஸுக்கு வாங்க. தமிழிலேயே மனு எழுதித் தருகிறேன். கமெண்டில் மட்டும் கம்பெனி பெயரைப் போட வேண்டாம்.