புது ஆளிடம் துப்பாக்கி உறை வாங்குவது பற்றி

இடுப்பில் செருகுகிற ஒரு தோல் உறைக்கு 120 டாலரா, அதுவும் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பையனிடமா என்று எங்கள் வீட்டுக்காரர் தொடங்கி ஆளாளுக்குக் கேட்டாகிவிட்டது. ஒவ்வொருவருக்காக இன்பாக்ஸில் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக: ஹூஸ்டன் பக்கம் நாங்கள் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். இரவு கடையைப் பூட்டி அன்றைய கல்லாவோடு காருக்கு நடப்பது பெரும்பாலும் நான்தான். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பியவர், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடம்பில் மறைத்துக்கொண்டு போகலாம். நான் அதற்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்து, சுட்டுக் காட்டி, உரிமம் வாங்கியவள். வைத்திருப்பதே தப்பு என்பவர்களோடு அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு உறை பற்றி மட்டும்.

என்னிடம் இருப்பது க்ளாக் 43எக்ஸ் என்ற சின்னக் கைத்துப்பாக்கி. காலி மேகசினோடு (குண்டு அடுக்குகிற பெட்டி) எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேலே. கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளுக்குள் பூட்டுகள் உண்டு. ஆனால் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டுகிற தனி சேஃப்டி கிடையாது. ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதையும் சேர்த்து எது அழுத்தினாலும் குண்டு கிளம்பும். விரலா, ஜாக்கெட்டின் கயிறா, சட்டை நுனியா என்று அது பார்க்காது. ஆகவே ட்ரிகரை முழுசாக மூடி நிற்கிற உறைதான் மீதி சேஃப்டி. பெல்ட் வாங்குவதுபோல அழகு பார்த்து இதை வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கைப்பையில் போட்டுக்கொண்டால் என்ன என்று தோழிகள் கேட்கிறார்கள். 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த, ஜிப் போட்ட கைப்பை அவருடையது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அதற்குள் கையை விட்டது. அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். எங்கள் கடைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள், பையை இழுக்கிறார்கள். உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். என் மட்டில் இதில் மூன்றாவது இடம் கிடையாது.

சரி, கைடெக்ஸ் எதற்கு இருக்கிறது? சூடாக்கி வளைக்கிற பிளாஸ்டிக் அது. துப்பாக்கி உள்ளே போனதும் டக்கென்று பிடித்துக்கொள்ளும், வேர்வை ஏறாது, உறையின் வாய் மடங்காது, விலையும் குறைவு. முதல் முறை வாங்குகிறவர் யார் கேட்டாலும் கைடெக்ஸையே சொல்வேன். நான் தோலுக்கு வந்த காரணம் ஒன்றே ஒன்று: கடையில் குனிந்து நிமிர்ந்து அரிசி மூட்டை நகர்த்துகிற பத்து மணி நேரமும் அந்தப் பிளாஸ்டிக் விளிம்பு என் விலா எலும்போடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தது. உறுத்துகிறதே என்று கழற்றி மேஜை இழுப்பறையில் வைக்கத் தோன்றும் பாருங்கள், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. திண்டுக்கல்லில் பிறந்தவளுக்கு டேனரி (தோல் பதனிடும் ஆலை) வாசனையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குரோம் உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் பதமாகிவிடும், மெத்தென்று இருக்கும், செருப்புக்கும் பைக்கும் நல்லது. ஆனால் அதை நனைத்து அச்சில் பிடித்தால் அந்த வடிவத்தில் நிற்காது. உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல். நம் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிக் கப்பலேறிய சரக்கும் இதே இனம்தான். பின்னால் வாட்டில் பட்டை வந்தது. கொடைக்கானல் மலையில் வாட்டில் மரத்தைக் கொண்டுவந்து நட்டதற்கு அதுவும் ஒரு காரணம். (அந்த மரம் மலையை என்ன செய்தது என்பது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.) அமெரிக்காவில் உறை தைப்பவர்கள் அதிகம் சொல்லும் பெயர்கள் இரண்டு: செயின்ட் லூயிஸில் 1881 முதல் இருக்கிற ஹெர்மன் ஓக், பென்சில்வேனியாவில் இருக்கிற விக்கெட் அண்ட் கிரெய்க். இந்தத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துப்பாக்கியின் அச்சு அசலான பிளாஸ்டிக் பொம்மையை உள்ளே விட்டு, எலும்புக் கருவியால் ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து வடிவம் எடுத்துக் காயவைப்பார்கள். காய்ந்தபின் தட்டினால் மரம்போலச் சத்தம் கேட்க வேண்டும்.

"தெரிந்த கம்பெனியில் வாங்கக் கூடாதா?" வாங்கலாம். ஆனால் அந்தத் தெரிந்த பெயர்கள் எங்கிருந்து வந்தன? பியாஞ்சி என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் கலிபோர்னியாவில் போலீஸ்காரராக வேலை பார்த்துக்கொண்டே வீட்டுக் கராஜில் உறை தைத்தவர். இன்றைக்கு அரிசோனாவில் பெரிதாக இருக்கும் கால்கோ, 1969-ல் சிகாகோவில் வேறொரு வேடிக்கையான பெயரோடு தொடங்கிய சின்னக் கடை. கால்சட்டைக்குள் செருகுகிற தோல் உறைகளுக்கு இன்றுவரை முன்மாதிரியாக இருக்கும் சம்மர் ஸ்பெஷலை வடிவமைத்த புரூஸ் நெல்சன் மாறுவேடத்தில் போதைப்பொருள் கேஸ் பிடித்த அதிகாரி. தினம் தானே மறைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தவர். அதை ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தது ஐடஹோவின் மில்ட் ஸ்பார்க்ஸ். இந்தத் தொழிலே கராஜில் பிறந்ததுதான். அதனால் ஆள் புதுசு என்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. புது ஆளிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் பலரோடு ஒத்துப்போக மாட்டேன்.

பலரும் படத்தைப் பார்க்கிறார்கள். ரோஜாப்பூ செதுக்கினது, திருக்கைத் தோல் பதித்தது, ரத்தச் சிவப்புச் சாயம். நான் முதலில் பேசிய ஒருவரின் பக்கம் முழுக்க அப்படிப் படங்கள்தான். எந்தத் துப்பாக்கியானாலும் சரி, எந்த நிறமானாலும் சரி, இரண்டே வாரம் என்றார். அத்தனை படங்களில் ஒன்றில்கூட உறையின் பின்பக்கம் இல்லை. துப்பாக்கியை உருவிய பிறகு உறையின் வாய் எப்படி நிற்கிறது என்று காட்டவே இல்லை. எனக்கு வேண்டியிருந்த படம் அது ஒன்றுதான். கால்சட்டைக்குள் போகிற உறையின் வாயை இடுப்பும் பெல்ட்டும் சேர்ந்து அமுக்கும். வாயைச் சுற்றி இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். சிலர் நடுவில் மெல்லிய தகடும் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெளியே வந்ததும் வாய் சப்பென்று மூடிக்கொள்ளும். திரும்ப வைக்க இரண்டு கை வேண்டும், இல்லையென்றால் துப்பாக்கி முனையாலேயே கிளற வேண்டும். கிளறும்போது முனை யார் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியில் வாங்கிய பையனுக்குக் கிழக்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, என் மாடலுக்கு அச்சு, அதாவது அந்தப் பிளாஸ்டிக் பொம்மை, இருக்கிறதா என்பது. என்னுடையது எம்ஓஎஸ் வகை. மேலே ரெட் டாட் (குறிபார்க்கிற சிவப்புப் புள்ளிக் கருவி) மாட்ட இடம் உண்டு, குழலுக்குக் கீழே லைட் மாட்டுகிற பள்ளமும் உண்டு. சாதாரண 43எக்ஸில் அந்தப் பள்ளம் இருக்காது. பெரும்பாலான ஆட்கள் "ரெண்டும் ஒண்ணுதான், நனைத்துத் தள்ளினால் உட்கார்ந்துவிடும்" என்பார்கள். அளவு ப்ளவுஸ் இல்லாமல் ஒரு குத்துமதிப்பில் வெட்டுகிற டெய்லர் மாதிரி. இவர், "உங்கள் வகைக்கு என்னிடம் அச்சு இல்லை, ஊகித்துத் தைக்க மாட்டேன். அச்சு வரவழைத்துத்தான் செய்வேன், ஒரு மாதம் கூடுதலாகும். அவசரமென்றால் வேறு யாரிடமாவது பாருங்கள்" என்றார்.

அந்த நிமிஷமே வாங்குவதென்று தீர்மானித்துவிட்டேன். சோதித்துப் பார்க்க இன்னொன்றும் கேட்டேன்: லைட் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் பொருந்துகிற மாதிரி ஒரே உறை தைக்க முடியுமா? முடியாதென்றார். லைட் ட்ரிகரைவிட அகலம். லைட்டுக்காக வாயை அகலப்படுத்தினால் ட்ரிகர் பக்கம் சந்து விழும், அப்படி ஒன்றை என் பெயர் போட்டு அனுப்ப மாட்டேன் என்றார். விற்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிற புது ஆள் ஒருவர் வந்த ஆர்டரை இரண்டு முறை தட்டிவிடுகிறார் என்றால், அவர் பட்டறையில் கோணலாக வந்த உறை குப்பைத் தொட்டிக்குத்தான் போகும், தபால் பெட்டிக்குப் போகாது. வாங்கியவர்கள் இணையத்தில் போடுகிற ஐந்து நட்சத்திரங்களைப் பார்த்து எனக்கு இது தெரியவராது. அதில் பாதி நட்சத்திரம் பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிஷத்தில் போட்டது.

பெண்களுக்கு ஒரு விஷயம் தனியாக. இந்த உறைகளெல்லாம் ஆம்பளை இடுப்பை மனதில் வைத்து வரைந்தவை. நமக்கு இடுப்பெலும்பு வெளியே வளைகிறது. பின்பக்கம் செருகினால் துப்பாக்கியின் பிடி நேராக விலாவில் குத்தும். கால்சட்டையும் மேலே ஏறி நிற்கும், கையை அக்குள் வரை தூக்கித்தான் உருவ வேண்டியிருக்கும். வழக்கமாகக் கொடுக்கிற முன்சாய்வு எனக்கு வேண்டாம், நேராக நிற்கட்டும், கொஞ்சம் தாழ்வாக உட்காரட்டும், பெல்ட் வளையம் ஒன்றரை அங்குலம் வேண்டாம், ஒன்றேகால் போதும் என்று எழுதினேன். பெரிய கம்பெனியில் இந்த மாற்றமெல்லாம் கிடைக்காது. அவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி அடிக்கிறார்கள். சின்ன ஆளிடம் போவதற்கு உருப்படியான காரணம் இதுதான். "நம்ம ஊர்க்காரர், ஆதரிப்போம்" என்பதெல்லாம் முறுக்கு வாங்கச் சரி, இதற்குச் சரிப்படாது.

உறை வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து, மேகசினை எடுத்து, சேம்பரை (குழலுக்குப் பின்னால் குண்டு உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் சோதித்தேன். மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் துப்பாக்கி விழக் கூடாது. ட்ரிகர் இருக்கும் இடத்தில் வெளியிலிருந்து தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. உறைக்குள் இருக்கும்போதே பிடியை முழுசாகப் பிடிக்க வர வேண்டும். தோல் நடுவிரலுக்கு இடம் விடாவிட்டால், உருவிய பிறகுதான் பிடியைச் சரிசெய்ய நேரும். கடைசியாக, பெல்ட்டை இறுக்கிக் கட்டி, உருவி, ஒரே கையால் திரும்ப வைத்தேன். வாய் திறந்தே நின்றது. தையல் மெழுகு நூலில், இரண்டு ஊசி போட்டுக் கையால் தைத்தது. ஒரு தையல் அறுந்தாலும் மற்றது ஓடாது. மெஷின் தையலும் கெட்டதில்லை, முனையில் திருப்பித் தைத்திருந்தால் போதும்.

குறை இருந்தது. வளையத்தின் பட்டன் ஒன்று சரியாகப் பதியவில்லை, உட்கார்ந்து எழுந்தால் விடுபட்டது. உடனே பொதுவில் எழுதித் தூற்றவும் இல்லை, பாவம் புது ஆள் என்று விழுங்கிக்கொள்ளவும் இல்லை. வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பினேன். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கெட்டிப் பட்டன் போட்ட புது வளையங்களை அவர் செலவிலேயே அனுப்பினார். அதே வாரம் தைத்த மற்ற உறைகளையும் பிரித்துப் பார்த்ததாக எழுதியிருந்தார். இலவச வளையத்தைவிட எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிசாகப் பட்டது.

பணம் பற்றி. இந்தத் தொழிலில் நல்ல கைக்காரர்கள் கெட்டுப்போகும் விதம் அநேகமாக ஒன்றே: படம் பரவும், ஆர்டர் குவியும், எல்லாரிடமும் முழுப் பணம் வாங்கி அதில் தோல் வாங்கிவிடுவார்கள், ஆறு வாரம் ஆறு மாதமாகும், பிறகு போனை எடுக்க மாட்டார்கள். அதனால் முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், கிரெடிட் கார்டிலேயே கொடுங்கள். பணம் அனுப்பும் ஆப்பில் "நண்பருக்கு அனுப்பிய பணம்" என்று போடச் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். அப்படி அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும் பாடு.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. புதுத் தோல் இறுக்கமாக இருந்தால், காலித் துப்பாக்கியை மெழுகுத்தாளில் சுற்றி ஓர் இரவு உள்ளே விட்டால் போதும். எண்ணெய் போட்டு ஊறவைக்காதீர்கள், தோல் தளர்ந்துவிடும். ஹூஸ்டன் வேர்வைக்குத் தினமும் கழற்றிக் காற்றில் வைக்க வேண்டும், ஹேர் டிரையர் வேண்டாம். துப்பாக்கியை மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வைத்துவிட்டால் தோல் இழுத்து வைத்திருக்கும் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். வாய் ஓரம் தளர்ந்து உள்பக்கம் மடியத் தொடங்கினால், அந்த மடிப்பே ட்ரிகருக்குள் போய் அமுக்கிவிடும். பிடிமானம் பழகிவிட்டது, பார்க்கவும் அழகு என்று அந்த உறையைச் சீராட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். வெட்டித் தூக்கிப் போடுங்கள்.

அந்தப் பையனின் பெயரைக் கேட்டு இனி வருகிறவர்களுக்கு: இங்கே போட மாட்டேன். இப்போதே மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, வீட்டுக்காரரின் உறை அதில் நடுவில் எங்கேயோ நிற்கிறது. ஆமாம், விலையைக் கேட்டுக் கத்திய அதே வீட்டுக்காரர்தான்.