ஆறு மணிக் கையெழுத்து

மாலை நாலரைக்கு அம்மாவின் அறைக்குள் போனேன். அவரை ஆறு மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்ததாக அட்டையில் ஏற்கெனவே கையெழுத்து விழுந்திருந்தது. அழைப்பு மணி கட்டிலுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. முதுகின் அடியில் படுக்கைப்புண் மறுபடி வாய் திறந்திருந்தது.

இது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். பெயர் வேண்டாம். இந்த இல்லங்களுக்குப் பொறுப்பான ஒன்ராறியோ மாகாண அமைச்சு பரிசோதனை அறிக்கைகளை இணையத்தில் போடுகிறது. இந்த இல்லத்தின் நான்கு ஆண்டு அறிக்கைகளை ஒரே இரவில் படித்தேன். தோல் பராமரிப்பில் குறை, மணி அடித்தும் ஆள் வரவில்லை. இல்லத்துக்கு எழுத்துமூல அறிவித்தல் போகிறது. அடுத்த அறிக்கையிலும் அதே வரிகள். நாய் வாலை நிமிர்த்திய கதைதான்.

2020 மே மாதம் வெளியான இராணுவ அறிக்கை நினைவிருக்கும். கொரோனாவின்போது ஐந்து இல்லங்களுக்கு உதவப் போனவர்கள் கரப்பான் பூச்சிகளையும், அழுக்கான டயப்பரோடு விடப்பட்ட முதியவர்களையும், காலாவதியான மருந்தையும் கண்டு எழுதினார்கள். சிப்பாய்கள் சில வாரங்களில் கண்டது பரிசோதகர்களின் கண்ணில் ஏன் படவில்லை? 2018 இலையுதிர் காலத்தோடு முழுமையான வருடாந்தப் பரிசோதனையை அரசாங்கம் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தது. அப்போது பெரும்பாலும் முறைப்பாடு வந்தால்தான் போனார்கள். ஆங்கிலம் தெரியாமல் படுக்கையில் கிடக்கும் என் அம்மா யாரிடம் முறையிடுவார்?

பிறகு 2021இல் புதிய சட்டம் வந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு மணிநேர நேரடிப் பராமரிப்பு, 2025 மார்ச்சுக்குள் என்றார்கள். அது மாகாணச் சராசரிக்கான இலக்கு. அம்மாவின் மாடியில் மாலையில் 32 பேருக்கு 3 பணியாளர்கள். ஒருவர் வராவிட்டால் இரண்டு பேர்.

கையெழுத்து வைத்த பெண்ணைக் கேட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான், காலையில் வேறோர் இல்லத்திலும் வேலை. "அக்கா, எழுதாவிட்டால் என்னைப் பிடிப்பார்கள். புரட்டாவிட்டால் ஒருவரும் பிடிக்கமாட்டார்கள்" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

பரிசோதகர்கள் அட்டையைப் பார்த்தது போதும். சனி இரவு வந்து போர்வையை விலக்கிப் பார்க்கட்டும். அதே குறை மூன்றாம் முறையும் வந்தால் புதியவர்களை அங்கே சேர்ப்பதை அமைச்சு நிறுத்தட்டும். நிறுத்தும் அதிகாரம் அமைச்சுக்குச் சட்டத்தில் இருக்கிறது.

இம்முறை முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அட்டையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், சுவர்க் கடிகாரமும் சேர்ந்து தெரிகிறமாதிரி.