ஓசிடின்னா சுத்தம் இல்லைங்க

ஓசிடியைப் பத்தி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநலப் பிரச்சனை) ஒரு பெரிய மனுஷர் மேடையில பேசின வீடியோ ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு. நேத்து ராத்திரிக்குள்ள ஏழு பேர் எனக்கே ஃபார்வர்டு பண்ணிட்டீங்க, அதுல மூணு பேர் சிரிப்பு எமோஜியோட. "என் பொண்ணுக்கு ஓசிடி, பீரோவை அப்படி அடுக்குவா"ன்னு மேடையில பெருமையடிச்சதைக்கூட விட்டுடலாம். அடுத்து, "ரெண்டு அதட்டு போட்டா இந்தப் பதட்டமெல்லாம் பறந்துடும்"னு சொன்னாரே, அதுக்கு ஒரு கைதட்டல் வேற.

ஓசிடி சுத்தம் இல்லைங்க. பயம்.

என் பையனுக்கு அப்போ 11 வயசு. குழாயை விட்டு நகர மாட்டான். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு, ரசம் சாதம் பிசைஞ்சா எரியுதுன்னு ஸ்பூன் கேட்பான். ஏன்டா இப்படின்னு கேட்டா, "கழுவலைன்னா உனக்கு ஏதாவது ஆயிடும்மா. லூசுத்தனம்னு எனக்கே தெரியுது, நிறுத்த முடியலை." இவனைத்தான் அதட்டணுமாம்.

அதட்டாமலா இருந்தேன்? ஒருநாள் ஆத்திரத்துல தண்ணி வால்வையே மூடினேன். குடிக்க வச்சிருந்த கேன் தண்ணியைச் சாய்ச்சுக் கழுவினான், அழுதுகிட்டே. பறந்துச்சா பதட்டம்?

அதட்டல் பலிக்கலைன்னதும் கொஞ்சல். "ஒண்ணும் ஆகாதுடா கண்ணா"ன்னு நாளைக்கு நாப்பது தடவை சொல்லியிருப்பேன். அதுவும் தப்புன்னு உளவியலாளர் சொன்னப்பதான் தெரிஞ்சுது. நான் சொல்லச் சொல்ல அந்தப் பயத்துக்குத் தீனி. சிகிச்சையே வேற மாதிரி: பயங்களை வரிசைப்படுத்தி, சின்னதுல ஆரம்பிக்கணும். கதவுக் கைப்பிடியைத் தொடணும், கழுவாம உட்காரணும். பயம் ஏறும். கழுவாமலே தாங்கிடலாம்னு குழந்தையே கண்டுபிடிக்கணும். பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான் அம்மா வேலை. அதைவிடக் கஷ்டமான வேலை நான் செஞ்சதில்லை. இது நேத்து முளைச்ச ஃபேஷனும் இல்லை, 1966-லயே விக்டர் மேயர்னு லண்டன் உளவியலாளர் ஒருத்தர் எழுதினதுல தொடங்கின வழி.

"நாங்கல்லாம் அடி வாங்கி வளரலையா?"ன்னு கமெண்ட் வரும். வளர்ந்தீங்க, சந்தோஷம். "பச்சைப் புள்ளைக்கு மாத்திரையா?" எல்லாருக்கும் தேவைப்படாது. எங்களுக்குத் தேவைப்பட்டது. டாக்டர் ஃப்ளூவாக்ஸமைன் எழுதினார், முதல் சில வாரம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்துக்கிட்டேன். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வாங்கறப்ப இப்படி யாரும் கேட்கிறதில்லையே.

"இதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்கு"ங்கறதுக்கு மட்டும் என்கிட்ட முழுசா பதில் இல்லை. 14416, டெலி-மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். ஆனா வாராவாரம் பக்கத்துல உட்கார்ந்து இந்தச் சிகிச்சையைத் தெரிஞ்சு செய்யறவங்க எத்தனை ஊர்ல கிடைப்பாங்க? மேடையில அதைக் கேட்டிருக்கலாம் அந்தப் பெரிய மனுஷர்.

எங்க வீட்டுப் பெரிய மனுஷங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. "வளர்ப்பு சரியில்லை"ன்னு ஒரு கல்யாணப் பந்தியில, அவன் காதுபடவே சொன்னாங்க. எழுத்து சரியா வரலைன்னு அழிச்சு அழிச்சு நோட்டுத் தாள் கிழிஞ்சதுக்கு அவனை வெளிய நிறுத்தினாங்க பள்ளிக்கூடத்துல. அன்னைக்கு நானும் அங்க நின்னு மன்னிப்புதான் கேட்டேன், டீச்சர்கிட்ட. அவன்கிட்ட இல்லை.

இப்போ 16. பரவாயில்லாம இருக்கான். கிளாஸ் குரூப்புல அவனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கு. பார்த்தான், போனைக் கவிழ்த்து வச்சான், எழுந்து போய்க் கை கழுவினான். ஒரு தடவைதான். நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.

அந்த மூணு பேரும் எமோஜியை எடுத்துடுங்க.