காற்றுக்கும் எடை உண்டு

(இணையத்தில் தலையணைக் கடை திறந்திருக்கும் தம்பி. ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் அக்கா. தம்பி மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தொழில் தொடங்கியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் உத்தரத்தைப் பார்ப்பது வழக்கம்தான். இவன் கொஞ்சம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டான்.)

அக்கா: என்னடா, கடையைச் சாத்திவிட்டாயா?

தம்பி: இணையக் கடைக்குச் சாத்துவது ஏது அக்கா? அது 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

அக்கா: நீ தூங்கும்போதும் நஷ்டம் வந்துகொண்டிருக்கும் என்று சொல்.

தம்பி: நீ இப்படித்தான் பேசுவாய் என்று தெரியும். தோல்விதான் வெற்றிக்கு முதல் படி.

அக்கா: சரி, எந்தப் படியில் வழுக்கியது?

தம்பி: அதை எப்படிச் சொல்வது... பொதுவாக வழுக்கிவிட்டது.

அக்கா: பொதுவாக யாரும் வழுக்கி விழுவதில்லை. ஏதாவது ஒரு கால்தான் முதலில் வழுக்கும். கணக்கைக் காட்டு.

தம்பி: விற்பனையில் ஒரு குறையும் இல்லை அக்கா. விளம்பரத்துக்கு 100 போட்டால் 400-க்கு விற்கிறது. நான்கு மடங்கு! மூன்று மடங்கைத் தாண்டினாலே தைரியமாக ஓடலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

அக்கா: எங்கே ஓடச் சொன்னார்கள், ஊரை விட்டா?

தம்பி: கிண்டல் செய்யாதே.

அக்கா: சரி, செய்யவில்லை. ஒரு தலையணையை 100-க்கு விற்கிறாய். வாங்கிய விலை, அனுப்பும் செலவு, பணத்தை வாங்கித் தரும் கேட்வேயின் கட்டணம் எல்லாம் போகக் கையில் எவ்வளவு நிற்கும்? விளம்பரத்தை இப்போது சேர்க்காதே.

தம்பி: 20 நிற்கும்.

அக்கா: நிற்குமா, நின்றதா?

தம்பி: நிற்கும் என்று நம்புகிறேன்.

அக்கா: உன் நம்பிக்கையையே வைத்துக்கொள்வோம். 400-க்கு விற்றாய். அதில் 20 சதவீதம்?

தம்பி: 80.

அக்கா: விளம்பரத்துக்குக் கொடுத்தது?

தம்பி: 100. (உத்தரத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு) ஆனால் நான்கு மடங்கு அக்கா...

அக்கா: 100 கொடுத்து 80 வாங்கியிருக்கிறாய், அதுவும் மூச்சு வாங்கப் பொட்டலம் கட்டி. 20 சதவீதம் நிற்கிற சரக்குக்கு ஐந்து மடங்கு வந்தால்தான் கையைக் கடிக்காது. லாபம் அதற்கும் மேலே. 50 சதவீதம் நிற்கிறவருக்கு இரண்டு மடங்கே போதும். மூன்று மடங்கு என்று சொன்னாரே, அவர் என்ன விற்கிறார்?

தம்பி: இணையத்தில் எப்படி விற்பது என்று பாடம் விற்கிறார்.

அக்கா: கூரியர் இல்லை, பெட்டி இல்லை, கிடங்கு இல்லை. அவருக்கு மூன்று மடங்கு அமோகம்தான்.

தம்பி: அதை நம்பித்தானே விளம்பரத்தை இரண்டு மடங்காக்கினேன்!

அக்கா: நஷ்டத்தை என்று சொல்.

தம்பி: பெரிய நிறுவனங்களும் முதலில் நஷ்டத்தில்தான் ஓடின.

அக்கா: ஓடின. சில ஓடி நின்றும் போயின. பெட்ஸ்.காம் கேள்விப்பட்டிருக்கிறாயா? 1998-ல் ஆரம்பித்தார்கள். நாய்த் தீனியும் பூனைத் தீனியும் இணையத்தில் விற்றார்கள். வாங்கிய விலைக்கும் கீழே தள்ளுபடி, கனமான மூட்டையை அனுப்பும் செலவு வேறு. 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் மூடிவிட்டார்கள். விளம்பரம் மட்டும் பிரமாதம். காலுறையில் செய்த ஒரு நாய்ப் பொம்மை வந்து பேசும்.

தம்பி: ஐயோ. பொம்மை என்ன ஆயிற்று?

அக்கா: அதற்கு வேறொரு நிறுவனத்தின் விளம்பரத்தில் வேலை கிடைத்துவிட்டது. உன் கவலை பொம்மையைப் பற்றித்தானா?

தம்பி: நீ மூடினவர்களையே சொல்கிறாய். அமேசானைப் பார். 1995-ல் கடை திறந்த புதிதில் ஜெஃப் பெசோஸே தரையில் மண்டியிட்டுப் பொட்டலம் கட்டினார்.

அக்கா: கதையைப் பாதியில் விடாதே. முழங்கால் வலிக்கிறது, எல்லோருக்கும் முழங்கால் பட்டை வாங்க வேண்டும் என்றார். பக்கத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர், "மேசை வாங்கலாமே" என்றார். மறுநாள் மேசை வந்தது, வேலை வேகமாயிற்று. இதை அவரே மேடையில் சொல்லிச் சிரிக்கிறார். நீ இப்போது முழங்கால் பட்டை வாங்கும் கட்டத்தில் இருக்கிறாய். கூரியர் பில்லை எடு.

தம்பி: மின்னஞ்சலில் கிடக்கும். "பிறகு படிக்க" என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன்.

(அந்தக் கோப்புறையில் வாழ்த்து அஞ்சல் ஒன்றுகூட இல்லை. பில்கள், எச்சரிக்கைகள், "உங்கள் கவனத்துக்கு" என்று தொடங்கும் கடிதங்கள். படிக்க வேண்டியது எது என்று தம்பிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறான்.)

அக்கா: இதென்னடா, ஒரு தலையணைக்கு 12 கிலோ என்று போட்டிருக்கிறார்கள்?

தம்பி: அந்த அநியாயத்தைத்தான் சொல்ல வந்தேன்! தலையணை ஒரு கிலோதான். நானே தராசில் வைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். கூடவே ஒரு கடிதமும், கொஞ்சம் காரமாக.

அக்கா: பெட்டி என்ன அளவு?

தம்பி: 50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரம்.

அக்கா: மூன்றையும் பெருக்கு.

தம்பி: 60,000.

அக்கா: 5,000-ஆல் வகு.

தம்பி: 12. (நிமிர்ந்து உட்கார்கிறான்) இது எப்படி உனக்குத் தெரியும்?

அக்கா: பருமன் எடை. வண்டியில் உன் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் கணக்கு உண்டு. தராசு காட்டும் எடை ஒன்று, இந்த எடை ஒன்று, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். பல கூரியர்கள் 5,000-ஆல் வகுப்பார்கள், சிலர் வேறு எண் வைத்திருப்பார்கள். விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

தம்பி: அப்படியென்றால் மீதி 11 கிலோ?

அக்கா: காற்று. நாலு பக்கமும் டேப் ஒட்டி, "கவனமாகக் கையாளவும்" என்று எழுதி, காற்றை வீடு வீடாக அனுப்பியிருக்கிறாய்.

தம்பி: பெட்டி பெரிதாக இருந்தால் ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா: கூரியர்காரர் மதித்திருக்கிறார். கையில் 20 நிற்கும் என்றாயே, அனுப்பும் செலவை எத்தனை கிலோவுக்குப் போட்டாய்?

தம்பி: ஒரு கிலோவுக்கு.

அக்கா: அப்படியானால் விளம்பரமே செய்யாவிட்டாலும் ஒவ்வொரு தலையணைக்கும் நீ கைக்காசு போடுகிறாய். யாரும் எதுவும் வாங்காத நாள்தான் உனக்கு நல்ல நாள்.

தம்பி: போன வாரம் அப்படி ஒரு நாள் வந்தது. அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அக்கா: அன்றைக்கு ஏன் யாரும் வாங்கவில்லை?

தம்பி: தெரியவில்லை. அன்றைக்குத்தான் வாடிக்கையாளர் உதவிக்கு அரட்டைப் பெட்டி வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் அதில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இதை எப்படி வாங்குவது?" மக்களுக்கு இணையத்தில் வாங்கவே தெரியவில்லை அக்கா.

(அக்கா ஒன்றும் சொல்லாமல் தன் கைபேசியில் கடையைத் திறக்கிறாள். விரலால் மேலே தள்ளுகிறாள், கீழே தள்ளுகிறாள்.)

அக்கா: "வாங்கு" பொத்தான் எங்கே?

தம்பி: கீழே, வலது மூலையில்.

அக்கா: அங்கே "உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்டுக்கொண்டு ஒரு நீல வட்டம் உட்கார்ந்திருக்கிறது. பொத்தான் மேலேயே.

தம்பி: மடிக்கணினியில் அது ஓரமாக அழகாக இருந்ததே!

அக்கா: உன் கடைக்கு வருகிறவர்கள் மடிக்கணினியிலா வருகிறார்கள்?

தம்பி: முக்கால்வாசி கைபேசியில்தான். ஆனால் ஒருவர் மட்டும் தவறாமல் கணினியில் வருகிறார். ஒவ்வொரு பக்கமாக நின்று நிதானமாகப் பார்க்கிறார். வாங்குவதுதான் இல்லை.

அக்கா: எத்தனை மணிக்கு வருவார்?

தம்பி: நடு ராத்திரியில். நான் உட்கார்ந்து கடையைத் திருத்துகிற நேரம்.

அக்கா: அது நீதான்டா.

தம்பி: (மெதுவாக) அவருக்குத் தனியாக 10 சதவீதத் தள்ளுபடி அறிவித்திருந்தேன்.

அக்கா: உன் இணைப்பு வருகைக் கணக்கில் சேராதபடி முதலில் விலக்கி வை. அப்புறம்?

தம்பி: அப்புறம் இந்தக் கூடை விவகாரம். பத்துப் பேர் கூடையில் போட்டால் ஏழு பேர் பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள்.

அக்கா: பேமார்ட் என்று ஒரு ஆய்வு நிறுவனம் பல கணக்கெடுப்புகளைச் சேர்த்துச் சராசரி போட்டு வைத்திருக்கிறது. சுமார் 70 சதவீதம். இந்த ஒன்றில் நீ உலகத் தரம். போகிறவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் கடைசிப் பக்கத்தில் புதிதாக முளைக்கும் செலவுக்கு. உன்னிடம் அப்படி ஏதாவது முளைக்கிறதா?

தம்பி: தலையணை 90. கடைசிப் பக்கத்தில் பொதி கட்டும் கட்டணம் 10.

அக்கா: காற்றைக் கட்டுவதற்குக் கட்டணம் வேறு! முதல் பக்கத்திலேயே 100 என்று போடு. அது இருக்கட்டும். என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூட்டைகள் என்ன?

தம்பி: அதுவா... கிளைக் கிடங்கு. மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்றார்கள்.

அக்கா: விற்குமா என்று பார்ப்பதற்கு முன்பேயா? ஸாப்போஸ் என்ற காலணிக் கடையை 1999-ல் ஆரம்பித்தவர் ஒரு ஜோடிகூட வாங்கி அடுக்கவில்லை. காலணிக் கடைகளுக்குப் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். யாராவது கேட்டால் அந்தக் கடைக்குப் போய் அதே விலைக்கு வாங்கி அனுப்பினார்.

தம்பி: அப்படிப் பார்த்தால் அவருக்கும் நஷ்டம்தானே? எனக்கு மட்டும் திட்டு!

அக்கா: போட்டுப் பார்க்காமல் காலணியை இணையத்தில் யாராவது வாங்குவார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்விக்காக நஷ்டப்பட்டார், பதில் கிடைத்தது. உன் நஷ்டத்துக்கு என்ன கேள்வி?

தம்பி: (யோசித்து) "ஏன் எனக்கு மட்டும் இப்படி?"

அக்கா: அதற்குக் கூரியர் பில்லில் பதில் இருந்தது. நீதான் "பிறகு படிக்க" என்று போட்டுவிட்டாய்.

தம்பி: பேசாமல் ஷாப்பிஃபை மாதிரி செய்துவிட்டால்? 2004-ல் பனிச்சறுக்குப் பலகை விற்கக் கடை வைத்தார்கள். இணையக் கடை நடத்த இருக்கிற மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தாங்களே எழுதினார்கள். கடைசியில் பலகையை விட்டுவிட்டு அந்த மென்பொருளையே 2006-ல் விற்க ஆரம்பித்தார்கள். நானும் தலையணையை விட்டுவிட்டு...

அக்கா: எதை விற்பாய்? உன்னிடம் மிச்சம் இருப்பது காற்றுதான். முதலில் அதை எடு. தூசு உறிஞ்சும் கருவியைக் கொண்டு வா.

(இங்கே கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. ஒரு தலையணையை நெகிழிப் பையில் போட்டு வாயை இறுக்கிப் பிடித்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். தலையணை முனகிக்கொண்டே சுருங்குகிறது. தம்பி அதன் மேல் உட்கார, அக்கா பாய் போலச் சுருட்டி நாடா கட்டுகிறாள். அளவு நாடாவைத் தம்பியே எடுத்து வருகிறான். இன்றைக்கு யாரும் சொல்லாமல் அவன் செய்த முதல் வேலை.)

தம்பி: 40, 15, 15. பெருக்கினால் 9,000. 5,000-ஆல் வகுத்தால் 1.8! அக்கா, 12 கிலோ 1.8 ஆகிவிட்டது!

அக்கா: அரைக் கிலோவுக்கு ஏற்றிப் போடுவார்கள். 2 என்று எழுது.

தம்பி: பிரித்துப் பார்க்கிறேன். (பிரிக்கிறான்) ஐயையோ, சப்பையாகவே கிடக்கிறது. வாங்கினவர் ஒரே நட்சத்திரம் போட்டு, "தலையணை கேட்டேன், உறையை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்" என்று எழுதுவாரே?

அக்கா: ஃபோம் மெதுவாகத்தான் உப்பும். சிலது முழுதாக உப்ப ஒரு நாள்கூட ஆகும். ஒரு அட்டையில் எழுதி உள்ளே போடு.

தம்பி: (எழுதிக்கொண்டே படிக்கிறான்) "அன்புள்ள வாடிக்கையாளரே, நெடுந்தூரம் பயணம் செய்து வந்த தங்கள் தலையணை மிகவும் களைத்திருக்கிறது..."

அக்கா: அதை அடி. "பிரித்து 24 மணி நேரம் வைக்கவும்." அவ்வளவுதான்.

தம்பி: அதில் உணர்ச்சியே இல்லையே.

அக்கா: திருப்பி அனுப்பும்போது அவருக்கு வரும் உணர்ச்சி போதும். நீல வட்டத்தை இடது பக்கம் தள்ளிவிட்டாயா?

தம்பி: தள்ளிவிட்டேன். (மடிக்கணினி மணி அடிக்கிறது. துள்ளி எழுகிறான்) ஆர்டர்! அக்கா, ஆர்டர் வந்திருக்கிறது! தள்ளின உடனே வந்துவிட்டது!

அக்கா: நான்தான் போட்டேன். கைபேசியிலிருந்து. என் பணம் முழுசாக வந்ததா பார்.

தம்பி: 100 கட்டினாய். 97 என்று காட்டுகிறது.

அக்கா: 3 கேட்வேயின் கட்டணம். நீ கணக்கில் எவ்வளவு போட்டிருந்தாய்?

தம்பி: 2. (தானே அடித்துத் திருத்துகிறான்) சரி, கிளைக் கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள். விற்பனை முடிந்தது.

அக்கா: அதெல்லாம் கிடையாது. பெட்டி கட்டி, முகவரி ஒட்டி, கூரியரில் அனுப்பு. பில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தம்பி: நீ பக்கத்து அறையில் இருக்கிறாய்! இதே வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போய், நாளை மறுநாள் இதே வாசலில் கொண்டு வந்து கொடுப்பார். கூரியர்காரர் என்ன நினைப்பார்?

அக்கா: 2 கிலோவுக்கு மேல் நினைக்காமல் இருந்தால் போதும்.