எச்சரிக்கை வந்தால் ஃபைல் பூட்டாது, தம்பி

மேலே ஒருவர் "ஆக்டிவேட் விண்டோஸ் என்று வந்தால் 30 நாளில் ஃபைல் எல்லாம் பூட்டிக்கொள்ளும், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு கிராக்கை (உரிமம் வாங்காமலே விண்டோஸை ஏமாற்றும் திருட்டு மென்பொருள்) ஓட்டு" என்று எழுதியிருக்கிறார். தப்பு. விண்டோஸ் 10-இல் வலது கீழ் மூலையில் அந்த மங்கிய எழுத்து நிற்கும், செட்டிங்ஸில் வால்பேப்பர், கலர் மாற்ற விடாது. ஃபைலைத் தொடாது, அப்டேட்டையும் நிறுத்தாது. ஆபீஸ் கதை வேறு. உரிமம் இல்லையென்றால் வேர்டு ஃபைலைத் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது. அவர் குழப்பிக்கொண்டது அங்கேதான் போலிருக்கிறது.

கும்பகோணத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஒரு கிழட்டு மெஷின் உண்டு. குறுவைக்குப் பயிர்க் காப்பீடு பதிகிற கூட்டத்துக்கு நடுவில் இதே எச்சரிக்கை. பார்த்தால் கடிகாரம் 2009 ஜனவரி 1! மதர்போர்டில், அதாவது உள்ளே இருக்கும் பெரிய சர்க்யூட் பலகையில், கடிகாரத்தை ஓட்டும் நாலணா அளவு சி.ஆர்.2032 பேட்டரி செத்திருந்தது. தேதி தப்பானால் உரிமத்தைச் சரிபார்க்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவேஷன் சர்வரோடு பேச முடியாது. பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, நெட்டில் போட்டதும் எழுத்து மறைந்தது.

மதர்போர்டே மாற்றியிருந்தால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய் ட்ரபிள்ஷூட்டை அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமம் இணைந்திருந்தால் பெரும்பாலும் மீளும், இல்லையென்றால் வாங்கத்தான் வேண்டும். கிராக் மட்டும் வேண்டாம், அதோடு வைரஸ் வரலாம், அந்த மெஷினில்தான் ஊர்க்காரர்களின் ஆதாரும் சிட்டாவும் கிடக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அது தனிச் செய்தி, இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.