தடைக்கு ஆதரவா என்று கேட்டால்…

பிளாஸ்டிக் கப், பை மாதிரி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் மக்காத பொருள்களைத் தடை செய்யலாமா என்று யாரைக் கேட்டாலும் "கண்டிப்பா செய்யணும்" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "சரி, நாளையிலிருந்து எங்கே போனாலும் டம்ளரையும் டப்பாவையும் நீங்களே தூக்கிக்கொண்டு போகணும், சம்மதமா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் அப்போதுதான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள்.

அதற்காக, மக்கள் தயாராக இல்லை, தடையே வேண்டாம் என்பவர்களோடும் நான் சேர மாட்டேன். 2002இல் அயர்லாந்து பிளாஸ்டிக் பைக்குத் தடைகூடப் போடவில்லை, வெறும் கட்டணம்தான் வைத்தது, பயன்பாடு கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்துவிட்டது. அங்கே எல்லோரும் ராத்திரியோடு ராத்திரியாகச் சூழல் ஆர்வலர்களாகிவிட்டார்களா என்ன? விதி வந்தது, கை பழகிவிட்டது. எல்லோரும் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒன்றைத் தடை செய்தால் அந்த இடத்தில் எது வந்து உட்காருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காகிதக் கப்பைத் தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டு உள்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள், மெல்லிசாக ஒரு படலம் உரிந்து வரும். பெரும்பாலான கப்புகளில் அது பாலிஎத்திலீன், நாம் விரட்டியடித்த அதே பிளாஸ்டிக். அப்புறம் 'மக்கும்' என்று அச்சடித்த ஸ்பூன். பி.எல்.ஏ. வகை (சோளம் மாதிரிப் பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) என்றால் அது ஒழுங்காக மக்குவதற்கு 60 டிகிரி அளவுக்குச் சூடு வைத்து, கழிவை மக்கவைத்து உரமாக்கும் ஆலை வேண்டும், கடலில் விழுந்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கலிஃபோர்னியாவில் மெல்லிய பைகளைத் தடை செய்தார்கள், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சொல்லித் தடிமனான பிளாஸ்டிக் பை உள்ளே நுழைந்தது, அந்த ஓட்டையை அடைக்க 2024இல் இன்னொரு சட்டம் போட வேண்டியதாயிற்று.

(நடுவில் ஒன்று: கை நடுங்குபவர்களுக்கு வளையும் ஸ்ட்ரா ஆடம்பரமில்லை. இங்கிலாந்தில் 2020இல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தடை செய்தபோது அப்படித் தேவைப்படுபவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள், நல்லவேளை.)

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையில் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ராவெல்லாம் நின்றபோது மக்கும் பிளாஸ்டிக் என்ற சாக்கும் எடுபடவில்லை. தடை, சந்தைக்குக் கொண்டுவருபவர் மேல்தான். என் ஆதரவு இந்த மாதிரித் தடைக்கு. பையைக் கையில் வைத்திருப்பவரை மறித்து அபராதம் போட்டுவிட்டு, அதை டன் கணக்கில் தயாரித்துத் தள்ளும் ஆலையைத் தாராளமாக ஓடவிடும் தடைக்கு ஆதரவா என்று கேட்டால், மன்னிக்கணும், இல்லை.