புடவைக்கு மேல போடுற கோட்டு ஒண்ணு தைங்கப்பா யாராச்சும்

ஆகஸ்ட் தாண்டுனா போதும், போனைத் திறந்தாலே ‘ஆட்டம்-விண்டர்’னு குளிர்கால உடுப்பு கலெக்ஷன்தான். கீழ சென்னை மதுரைல இருக்கறவங்களுக்கு அது சும்மா வேடிக்கை, அங்க குளிர்காலம்னா ஃபேனை ஒரு பாயிண்ட் குறைச்சு வைக்கறதோட சரி. நாங்க குன்னூர்க்காரங்க அதை நெசமாவே உத்துப் பாப்போம், அதுலயும் தையல் கடை வச்சிருக்கறவ கண்ணு சும்மா இருக்குமா, ஷோல்டர் எப்படி வெட்டியிருக்கான், லைனிங் என்னன்னுதான் முதல்ல போகும். பாத்து முடிச்சதும் வர்ற எரிச்சலைத்தான் இங்க கொட்டறேன்.

பாரிஸ், மிலன்லலாம் பிப்ரவரி மார்ச்லயே அடுத்த குளிருக்கான உடுப்பை மேடையேத்திடுவாங்க, கடைக்கு வர ஆகஸ்ட் செப்டம்பர் ஆயிடும். நம்ம மும்பைல லாக்மே ஃபேஷன் வீக்ல ஆகஸ்ட் வாக்குல நடந்ததுக்கு விண்டர் ஃபெஸ்டிவ்னு பேரு வச்சாங்க. பேருலதான் விண்டர். மேடைல பூரா கல்யாண லெஹங்காவும் ஜரிகையும் முதுகுல ஒத்தைக் கயிறு கட்டுன ப்ளவுஸும்தான். டெல்லி கல்யாண சீசனுக்கு அது ஓடும், நான் வேணாங்கல. ஊட்டி பக்கம் தலைகுந்தாவுல விடிகாலைல புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும்போது அந்த ப்ளவுஸை ஒருத்தி போட்டுட்டு நின்னு காட்டட்டும்.

சரி வெளிநாட்டுக்காரன் ட்ரெண்டாவது நமக்கு ஆகுமான்னு பாத்தா, கொஞ்சம் ஆகும், பாதிக்கு மேல ஆகாது. ரெண்டு மூணு வருஷமா ஸ்வேட்னு மெத்துன்னு இருக்கற தோல்ல தச்ச ஜாக்கெட்டைத் தலைல தூக்கி வச்சு ஆடறாங்க. எங்க ஊருக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல வந்தா டிசம்பர் வரைக்கும் விடாது, பீரோவுக்குள்ள வச்ச தோல் பெல்ட்ல பூஞ்சை பூத்துடும், இதுல ஸ்வேட்டாம். பொய்ரோமக் கோட்டு இன்னும் மோசம், ஒரு சாரல் பட்டா நனைஞ்ச பூனை மாதிரி ஆயிடும். ட்ரெஞ்ச் கோட்டு பரவால்ல, அது மழைக்குன்னே பொறந்தது, இங்கிலாந்துக்காரர் தாமஸ் பர்பெரி 1879ல கண்டுபிடிச்ச கேபர்டின் துணி நெருக்கமா நெய்ஞ்சது, லேசான தூத்தல் தாங்கும். இப்ப பர்கண்டி கலர்தான் ஃபேஷன்னு 2024ல இருந்து சொல்றாங்களே, அது நம்ம மெரூன்தாங்க, எங்க அத்தை பாட்டி காலத்துல இருந்து போட்டுட்டு இருக்கற ஸ்வெட்டர் கலர். அத்தைங்க போட்டா பழசு, ராம்ப்ல வந்தா பர்கண்டி!

இதுல யாரும் யோசிக்காத விஷயம், அந்த வெளிநாட்டுல வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கு. கோட்டு வெளிய நடக்கறதுக்கு மட்டும், உள்ள வந்ததும் கழட்டி மாட்டிட்டு மெல்லிசு கவுன்ல உக்காருவாங்க. எங்களுக்கு வீடு, ஸ்கூல், ஆபீஸு, பஸ்ஸு எல்லாமே ஒரே குளிர்தான், காலைல போட்ட ஸ்வெட்டரோடவே சமைக்கணும் போர்டுல எழுதணும் ஃபைல் பாக்கணும். மத்தியானம் ஜனவரி வெயில் சுள்ளுனு ஏறும், அப்ப கழட்டணும், நாலு மணிக்கு மிஸ்ட் எறங்குனதும் திரும்பப் போடணும். அதனால கனமா ஒரே ஒரு கோட்டு எங்களுக்கு வேலைக்காகாது, லேசா ரெண்டு மூணு அடுக்குதான் சரி.

இப்ப மேட்டருக்கு வரேன். இந்த மலைல வேலைக்குப் போற பொம்பளைங்க நெறைய பேரு இன்னமும் புடவைதான். டீச்சர், நர்ஸ், பேங்க்ல இருக்கறவங்க, எஸ்டேட்ல இலை பறிக்கற அக்காங்க எல்லாரும். அந்தப் புடவைக்கு மேல போடறதுக்குன்னு வெட்டுன கோட்டு ஒண்ணு கூட கடைல இல்ல! இருக்கறதெல்லாம் பேன்ட் சட்டைக்கு வெட்டுனது. முந்தானையை உள்ள விட்டா இடது தோள்ல மடிப்பெல்லாம் சேந்து ஒரு பக்கம் மட்டும் புடைச்சு நிக்கும், வெளிய விட்டா மேல பட்டன் போட முடியாது. கொசுவம் சொருகுன எடத்துல வயித்துக்கிட்ட ஏற்கனவே துணி கனமா இருக்கும், அதுக்கு மேல ஸ்வெட்டர் ரிப் வந்து இறுக்கிப் பிடிச்சா குண்டா இல்லாதவளும் குண்டாத்தான் தெரிவா. அப்பறம் புடவைக்கு ஸ்வெட்டர் போட்டா அசிங்கமா இருக்குன்னு ரீல்ஸ்ல கிண்டல் வேற. அசிங்கம் புடவைல இல்லம்மா, அந்த வெட்டுல இருக்கு.

இன்ஸ்டாகிராம்ல புடவைக்கு மேல பிளேசர் போட்டு பெல்ட் கட்டி நிக்கறாங்களே, அழகாத்தான் இருக்கு, ஃபோட்டோவுக்கு. கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிக்க முடியாது. எங்கிட்ட கொண்டு வர்ற எக்ஸ்போர்ட் மிச்ச கோட்டுங்களை நான் பிரிச்சு இடது ஆர்ம்ஹோலை, அதான் கை சேர்ற வெட்டை, கொஞ்சம் இறக்கி, சைடுல ஓப்பன் விட்டுக் குடுப்பேன், அவ்ளோதான் வேலை, அதுக்கே எவ்ளோ சந்தோஷப்படறாங்க தெரியுமா. இதை ஒரு பெரிய டிசைனர் முதல்லயே யோசிச்சு வெட்டுனா என்ன?

யோசனையும் அவங்ககிட்டயே இருக்கு. டோட்டேம்னு ஒரு ஸ்வீடன் பிராண்டு, கோட்டோடயே சேத்து தச்ச ஸ்கார்ஃப், அதை எடுத்து தோள்ல போட்டுக்கறது, அது உலகம் பூரா ஓடுச்சு. பாத்ததும் எனக்குத் தோணுனது இது முந்தானை வச்ச கோட்டுதானேன்னு. கேப், போஞ்சோ எல்லாமும் திரும்பத் திரும்ப வருது. தோள்ல சுத்திப் போடறதுதான் புடவைக்கு ஒத்து வரும்னு எங்க தோடர் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். அவங்க பூத்குளி சால்வையைப் பாத்திருக்கீங்களா, வெள்ளை காட்டன் துணில வரைஞ்சுக்காம நூலை எண்ணி எண்ணியே சிவப்பும் கருப்புமா போடுவாங்க, நெசவா எம்ப்ராய்டரியான்னு சந்தேகம் வரும். 2013ல புவிசார் குறியீடு கெடைச்சுது. கெடைச்சு என்ன, கடைல அது பர்ஸாவும் மொபைல் பையாவும் தொங்குது, அதுக்கும் டூரிஸ்ட் பேரம் பேசறாங்க. வெள்ளைன்னதும் ஞாபகம் வருது, விண்டர் வொயிட்டுன்னு மேகசீன்ல போடறாங்களே, டிசம்பர் ஜனவரில ஹெத்தை பண்டிகைக்கு கோத்தகிரி பக்கம் பேரகணிக்கு வாங்க, படுக மக்கள் எல்லாரும் வெள்ளைல வர்றதைப் பாருங்க, அப்பறம் பேசலாம்.

கம்பளி கதை இதைவிட வயித்தெரிச்சல். மெரினோ, கேஷ்மியர்னு லட்சக்கணக்குல விக்கறான். நீலகிரி செம்மறின்னு ஒரு ஆடு இருக்கு, தென்னிந்தியால நயமான கம்பளி தர்ற நாட்டு இனம் அது, சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்துல வச்சுக் காப்பாத்திட்டு வர்றாங்க, எண்ணிக்கை ரொம்பக் கொறஞ்சு போச்சு. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல மத்திய அரசு ஆட்டுப் பண்ணை இருக்கு, பாரத் மெரினோங்கற நயமான கம்பளி ஆடுலாம் வளக்கறாங்க. இவ்ளோ இருந்தும் ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்ல நாம வாங்கற ஸ்வெட்டர் லூதியானால இருந்து வருது, பெரும்பாலும் அக்ரிலிக், நாலு வாஷ்ல உருண்டை உருண்டையா நூல் எழும்பிடும். விக்கற திபெத்தியக்காரங்களைக் குறை சொல்லல, அவங்க இல்லன்னா நாங்க எப்பவோ வெறைச்சிருப்போம்.

டிசைனர் யாராச்சும் இதைப் படிச்சா அளவு சொல்றேன் கேட்டுக்கோங்க. நீளம் இடுப்போட நிக்கக் கூடாது, கொசுவத்தைத் தாண்டி தொடை பாதி வரைக்கும் வரணும். முன்பக்கம் ஓப்பன், கழுத்துக்கிட்ட ஒரே ஒரு பெரிய பட்டன், அதுவும் வலது தோள் பக்கம் ஒதுங்கி இருக்கட்டும், அப்பதான் முந்தானை மாட்டாது. பாக்கெட் கண்டிப்பா வேணும், கை ரெண்டும் உள்ள போற அளவுக்கு. லைனிங் மட்டும் பாலியெஸ்டர் வச்சுடாதீங்க, ஜனவரி வறண்ட குளிர்ல சிந்தெடிக் புடவையோட ஒட்டிக்கிட்டு கழட்டும்போது பட்பட்னு கரண்டு அடிக்கும், மெல்லிசு காட்டனே போதும். விலையை ஒரு டீச்சர் சம்பளத்தை மனசுல வச்சுப் போடுங்க.